இடது பின்கால்

சாம்பல் குழாய் உடைந்த இரவுக்கு மறுநாள்
வரப்பு வரைக்கும் வந்து படுத்திருந்தது சாம்பல்.
செப்பாக்கத்தில் எங்களுக்கு மிச்சம் பதினெட்டு சென்ட்.
நெல் போட்டால் வராது, விற்கப்போனால் போகாது.
நாலு வெள்ளாடு கட்ட ஆகும்.

அன்று மூன்றுதான் நின்றன.
நாலாவதன் கயிறு இருந்தது, முளைக்குச்சி இருந்தது.
பூசிய சிமெண்டுத் தரையில்
காயுமுன் யாரோ நடந்துவிட்ட மாதிரி
ஈரச் சாம்பலில் ஒரு தடம்,
ஆற்றுப் பக்கம் புறப்பட்டு
இறால் குட்டை விளிம்பில் முடிந்திருந்தது.
தண்ணீருக்குள் இறங்கிய குழி உண்டு,
ஏறிய குழியைத் தேடிக் குட்டையைச் சுற்றினேன். இல்லை.

தீப்பெட்டியை வைத்துப் பார்த்தேன்.
அதைவிட ஒரு விரல்நுனி பெரிசு.
நாலு விரல். நகம் பதியவில்லை.
முன்கால் வைத்த குழியிலேயே பின்கால்,
அவசரமில்லாத நடை.
ஆட்டை இழுத்துப்போன கோடு எங்கேயும் காணோம்.

பவுனம்மா பார்த்துவிட்டு,
"நரிதான். ராத்திரி ஊளை கேட்டேன்."
நரிக்கு நகம் பதியுமே என்றேன்.
"அப்போ நகம் வெட்டின நரி."

குட்டைக் காவல்காரர் தேசிங்குக்கு அது நீர்நாய்.
அவர் முதலாளிக்குச் சொல்லும் கணக்கில்
மாசம் எட்டுக் கிலோ இறால்
நீர்நாய்தான் தின்கிறது.

நில புரோக்கர் கன்னியப்பன்
செருப்பு நுனியால் ஒரு குழியை மூடிக்கொண்டே,
"நாய்க்கா. நாயின்னே வெச்சுக்கோ.
பார்ட்டி வர்ற நேரத்துல
புலி கிலின்னு கெளப்பி வுடாத."

வனத்துறை நம்பரில் எடுத்தவர்
பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து
போட்டோ அனுப்பச் சொன்னார்.
ஸ்கேலுக்கு எங்கே போவது?
ரேஷன் கார்டை வைத்து எடுத்தேன்.
இரண்டு நீல டிக் விழுந்தது.

மூன்றாம் நாள் ஆடு தானே வந்தது,
வாயில் சினிமா போஸ்டரின் அரை முகத்தோடு.
தடத்தை மிதித்துக்கொண்டே போய்
தன் குச்சி அருகில் நின்றது.
அதுவரை மனசுக்குள் திட்டியதற்கெல்லாம்
யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

சனிக்கிழமை அதே கார்டோடு ரேஷன் கடை.
கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.
புடவையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
பதினோரு வருஷம் காசிமேட்டில் இறால் உரித்த விரல்.
ஐஸும் உப்பும் தின்றதுபோக மிச்சம் மழமழவென்று.
"ரேகை விழலம்மா, அடுத்த விரல் வை."
பத்தையும் வைத்தேன்.
பின்னால் வரிசை இருமியது.
"ஆதார்ல போய் புதுப்பிச்சுட்டு வா."
தேய்ந்ததை எப்படிப் புதுப்பிப்பார்கள்
என்று கேட்கவில்லை. காலிப் பையோடு வந்தேன்.

வழியில்தான் நிலம்.
வெயிலில் சாம்பல் இறுகியிருந்தது,
ஆடு மிதித்தது போக மீதித் தடம் அப்படியே.
பையை மடித்து முட்டிக்குக் கொடுத்துக் குனிந்தேன்.
வரப்போரம் அது திரும்பிய இடத்தில்
முன்காலும் பின்காலும் தனித்தனியாக விழுந்திருந்தன.
இடது பின்காலுக்கு மூன்று விரல்தான்.
நாலாவது இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் தொடப்படாமல் சமமாக.
கண்ணியோ, வேலிக் கம்பியோ,
எங்கே விட்டு வந்ததோ.
அந்தக் காலை ஊன்றின குழி மற்றதைவிட ஆழம் கம்மி.

யாரிடமும் சொல்லவில்லை.
தேசிங்கு நீர்நாய்க்கே எழுதிக்கொள்ளட்டும்.

பதினேழு நாள் கழித்துக் குழாய் மறுபடி உடைந்தது.
விடிவதற்குள் போய்விட்டேன்.
கரண்ட் கம்பெனி சிம்னியின் சிவப்பு விளக்கு
மூன்றும் அணைந்து அணைந்து எரிந்தன.
செல்போன் வெளிச்சத்தில்
புதுச் சாம்பலில்
மூன்று விரல்.

என்ன மிருகம் என்று இன்றைக்கும் தெரியாது.
வாய் மட்டும் தானாக, "நீயா" என்றது.

உட்கார்ந்து, அதன் பக்கத்தில்
கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன்.
கோடு கீடு ஒன்றும் இல்லாத
வழவழப்பான ஒரு பள்ளம்.
பரவாயில்லை.
விழுந்தது.